காற்றாலை கட்டும் வகுப்பு

அந்தப் பள்ளிக்கூடத்தில் அடிக்கடி சன்னல் கண்ணாடி உடையும். பந்து பட்டு உடைவதில்லை. மாணவர்களின் சேட்டையும் இல்லை. எல்லாம் அறிவியல் வாத்தியாரின் வேலை!

ஊரின் பெயர் அஸ்கோவ். டென்மார்க் நாட்டில் இருக்கிறது. வாத்தியார் பெயர் பவுல் லா கூர். 1891-இல் அவர் பள்ளிக்குப் பக்கத்திலேயே ஒரு காற்றாலையை நிறுத்தி மின்சாரம் எடுத்தார். காற்று நாம் சொன்ன நேரத்துக்கா வீசுகிறது? வீசாத நேரத்துக்கு என்ன செய்வது? மின்சாரத்தைத் தண்ணீருக்குள் செலுத்தினார். தண்ணீர், ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்று இரண்டு வாயுக்களாகப் பிரிந்தது. அவற்றைத் தனித்தனித் தொட்டிகளில் பிடித்து வைத்து, இருட்டியதும் ஹைட்ரஜனை எரித்து விளக்கேற்றினார். 1895 முதல் 1902 வரை அந்தப் பள்ளிக்கு இதுதான் வெளிச்சம். இரண்டு வாயுக்களும் தப்பித் தவறிக் கலந்துவிட்டால், டமார்! கண்ணாடி போய்விடும்.

அவருக்கு ஏன் இந்த வம்பு என்று கேட்கிறீர்களா? அந்தக் காலத்தில் மின்சாரம் நகரங்களுக்கு மட்டுமே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கிராமத்துக்காரர்கள் மட்டும் இருட்டிலேயே கிடக்க வேண்டுமா என்று லா கூர் நினைத்தார். ஆனால், ஒரே ஆள் எத்தனை ஊருக்குக் காற்றாலை கட்ட முடியும்? அதனால் 1904-இல் கிராமத்து இளைஞர்களைக் கூப்பிட்டு வகுப்பு நடத்தத் தொடங்கினார். மின்சாரம் என்றால் என்ன, கம்பி எப்படி இழுப்பது, காற்றாலையை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார். அந்த வகுப்பில் வந்து உட்கார்ந்த ஒரு பையனுக்கு வயது 17. பெயர் யோகானஸ் யூல். அந்தப் பையன் வளர்ந்து, 1957-இல் கெட்சர் என்ற இடத்தில் 200 கிலோவாட் காற்றாலை ஒன்றைக் கட்டினார். மூன்று இறக்கை வைத்த அந்தக் காற்றாலையின் வழியில் வந்தவைதான் இன்று நீங்கள் ஆரல்வாய்மொழிப் பக்கமும் முப்பந்தலிலும் பார்க்கும் பெரிய காற்றாலைகள்.

இன்றைக்கும் உலகத்தில் சுமார் எழுபது கோடிப் பேர் மின்சாரம் இல்லாத வீடுகளில் வாழ்கிறார்கள். மின்கம்பம் போய்ச் சேராத மலையூர்கள், தீவுகள், பாலைவனக் கிராமங்கள் எத்தனையோ. ஆகவே லா கூர் நடத்தியது போன்ற வகுப்புகளும் இன்னும் நடக்கின்றன. இப்போது அவற்றில் சேருகிறவர்களில் பலர் பொறியியல் படிக்கும் கல்லூரி மாணவர்கள். அப்படி ஒரு வகுப்புக்குள் நாமும் போய்ப் பார்க்கலாம். அதற்கு முன்பு ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஸ்காட்லாந்து நாட்டின் வடமேற்கு ஓரத்தில் ஸ்கோரைக் என்று ஒரு தீபகற்பம். இன்றுவரை அந்த ஊருக்குச் சாலை கிடையாது. படகில் போகலாம், இல்லையென்றால் சுமார் 8 கிலோமீட்டர் நடக்கலாம். சாலையே இல்லாத ஊருக்கு மின்கம்பம் எங்கிருந்து வரும்? 1970-களில் அங்கே போய்க் குடியேறினார் ஹியூ பிகாட் என்பவர். ஊரில் காற்றுக்கு மட்டும் பஞ்சமில்லை. பழைய வண்டிகளின் பாகங்களைப் பொறுக்கி வந்து காற்றாலை செய்ய ஆரம்பித்தார். வேனின் பிரேக் டிரம்கூட அவர் கையில் மின்னாக்கியாக மாறியது. செய்து செய்து பழகிய பிறகு, யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்யும்படி அளவுகளோடு ஒரு புத்தகமே எழுதினார். சமையல் குறிப்பு எழுதுவதுபோல எழுதியதால் அதற்குப் பெயரும் அப்படியே வைத்துவிட்டார். 1.2 மீட்டர் குறுக்களவிலிருந்து 4.2 மீட்டர் வரை ஆறு அளவுகளில் காற்றாலை செய்யும் முறை அதில் இருக்கிறது.

2001-இல் பெரு, இலங்கை ஆகிய இரண்டு நாட்டுக் கிராமங்களுக்காகவும் அவர் ஒரு கையேடு எழுதிக் கொடுத்தார். இன்று உலகத்தில் கையால் செய்யப்படும் சின்னக் காற்றாலைகளில் பெரும்பாலானவை பிகாட் காட்டிய வழியில் செய்தவை. நம் ஆரோவில்லில் உள்ள மின்வாயு என்ற குழுவும் இந்த முறையில்தான் காற்றாலை செய்யக் கற்றுத் தருகிறது. கிரேக்க நாட்டுத் தலைநகர் ஏதென்சில் தேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே படிக்கும் மாணவர்கள் தங்கள் கையாலேயே காற்றாலை செய்து, ராஃபினா என்ற கடலோர ஊரில் நட்டுச் சோதிக்கிறார்கள். சோதித்துக் கண்டுபிடித்ததை ஒளித்து வைத்துக்கொள்ளாமல் எல்லாருக்கும் கொடுத்துவிடுகிறார்கள்.

சரி, வகுப்புக்குள் நுழையலாம். கரும்பலகையைத் தேடாதீர்கள். ஒரு பக்கம் மரத்தூள். ஒரு பக்கம் வெல்டிங் பொறி. ஒரு மேசை நிறையச் செம்புக் கம்பி. மாணவர்கள் மரவேலை, இரும்புவேலை, மின்வேலை என்று மூன்று குழுக்களாகப் பிரிந்துகொள்வார்கள். ஒரு வாரத்துக்குள் ஒரு காற்றாலை தயாராகிவிடும். நாம் பார்க்கப்போவது 2.4 மீட்டர் குறுக்களவு கொண்ட காற்றாலை. அதாவது ஏறக்குறைய 8 அடி.

முதலில் மரவேலை. 1.2 மீட்டர் நீளத்தில் மூன்று பலகைகள். கணு இல்லாத நல்ல மரமாகப் பார்த்து எடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் பிடி உள்ள ஒரு கத்தியைத் தன் பக்கமாக இழுத்து இழுத்துச் செதுக்குகிறாள் ஒரு மாணவி. மரச்சுருள் அவள் மடியில் விழுகிறது. இறக்கையின் அடிப்பக்கம் அகலமாகவும் நன்றாகச் சாய்ந்தும் இருக்கிறது. நுனிப்பக்கம் ஒடுங்கி, கிட்டத்தட்ட மட்டமாக இருக்கிறது. பலகையை முறுக்கிவிட்டது போன்ற வடிவம். ஏன் இப்படி?

காற்றாலை சுற்றும்போது இறக்கையின் நுனி, வீசும் காற்றைப்போல ஏழு மடங்கு வேகத்தில் ஓடும்படி இதை வடிவமைத்திருக்கிறார்கள். காற்று நொடிக்கு 5 மீட்டர் வீசினால் நுனி நொடிக்கு 35 மீட்டர் ஓடும். மணிக் கணக்கில் சொன்னால் 126 கிலோமீட்டர்! இறக்கையின் நடுப்பகுதிக்கு அதில் பாதி வேகம்தான். அடிப்பகுதி இன்னும் மெதுவாக நகரும். ஒரே பலகைதான்; ஆனால் ஒவ்வோர் இடத்துக்கும் காற்று வேறு வேறு கோணத்திலிருந்து வருவதுபோல் இருக்கும். அந்தந்த இடத்துக்குத் தக்கபடி சாய்வையும் மாற்றினால்தான் முழு நீளமும் வேலை செய்யும். மூன்று இறக்கைகளையும் பூட்டிய பிறகு எடை சமமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒன்று லேசாக இருந்தால் அதில் சின்ன ஈயத்துண்டு வைத்துச் சரிசெய்வார்கள். அந்தக் கொஞ்ச வித்தியாசமே மேலே போனதும் கம்பத்தையே உலுக்கிவிடும்.

அடுத்தது மின்வேலை. எனக்கு ரொம்பப் பிடித்த மேசை இதுதான். கைப்பிடி வைத்த ஒரு சின்ன மர அச்சில் எனாமல் பூசிய செம்புக் கம்பியைச் சுற்றுகிறார்கள். ஒருவர் சுற்ற, இன்னொருவர் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் யாராவது வந்து "டீ குடிக்கப் போகலாமா?" என்று கேட்டுவிட்டால் போச்சு, கணக்கு தவறிவிடும். பிரித்துவிட்டு முதலிலிருந்து சுற்ற வேண்டியதுதான். ஏனென்றால் எல்லாச் சுருளிலும் ஒரே எண்ணிக்கையில் சுற்று இருக்க வேண்டும். மொத்தம் 9 சுருள்கள். அவற்றை வட்டமாக அடுக்கி, முனைகளைப் பற்றவைத்து, அச்சில் வைத்து ரெசின் ஊற்றுவார்கள். ரெசினில் டால்க் தூளைக் கலப்பார்கள். ஆமாம், நீங்கள் முகத்துக்குப் போடும் பவுடரில் இருக்கும் அதே தூள்தான்! ரெசின் இறுகும்போது அளவுக்கு மீறிச் சூடாகாமல் அது பார்த்துக்கொள்ளும்.

இந்தச் சுருள் வளையத்தின் இரண்டு பக்கமும் இரண்டு இரும்புத் தட்டுகள் சுற்றும். ஒவ்வொரு தட்டிலும் 12 காந்தங்கள். வடக்கு, தெற்கு, வடக்கு, தெற்கு என்று மாற்றி மாற்றி ஒட்டியிருப்பார்கள். காந்தம் சுருளைக் கடக்கும்போது கம்பியில் மின்சாரம் பிறக்கும் என்று ஃபாரடே 1831-இல் கண்டுபிடித்தாரே, அதே விதிதான் இங்கேயும்.

காந்தம் 12, சுருள் 9. ஏன் இரண்டும் ஒரே எண்ணிக்கையில் இல்லை? ஒரு தாளும் பாகைமானியும் எடுத்துக்கொள்ளுங்கள். வட்டத்துக்கு 360 பாகை. 12 காந்தம் என்றால் 30 பாகைக்கு ஒன்று. 9 சுருள் என்றால் 40 பாகைக்கு ஒன்று. முதல் சுருள் ஒரு காந்தத்துக்கு நேராக நின்றால், இரண்டாவது சுருள் 10 பாகை தள்ளி நிற்கும். மூன்றாவது 20 பாகை தள்ளி நிற்கும். நாலாவது மறுபடியும் ஒரு காந்தத்துக்கு நேராக வந்துவிடும். ஆக 1, 4, 7 ஒரு கட்சி. 2, 5, 8 ஒரு கட்சி. 3, 6, 9 ஒரு கட்சி. ஒரு கட்சி ஓயும்போது அடுத்தது வேகமெடுக்கும். மின்சாரம் விட்டுவிட்டு வராமல் ஒரே சீராக வந்துகொண்டிருக்கும். இதைத்தான் பெரியவர்கள் 'த்ரீ பேஸ்' என்கிறார்கள். ஒரு கட்சியில் ஒரே ஒரு சுருளைத் தலைகீழாக இணைத்துவிட்டாலும் அது தன் கூட்டாளி ஒன்றின் மின்சாரத்தை அழித்துவிடும். பரீட்சையில் ஒரு விடை தப்பானால் ஓரிரு மார்க்தான் போகும். இங்கே மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும்!

இன்னொரு கெட்டிக்காரத்தனமும் இதில் இருக்கிறது. சுருளுக்குள் இரும்பே கிடையாது. இரும்பு இருந்தால் காந்தம் அதைப் பிடித்துக்கொண்டு நகர மறுக்கும். இல்லாததால் மெல்லிய காற்றிலேயே சுற்றத் தொடங்கிவிடும்.

காந்தம் என்றதும் விளையாட்டுச் சாமானில் வருவதை நினைத்துவிடாதீர்கள். இது நியோடிமியக் காந்தம். 46 மில்லிமீட்டர் நீளம், 30 அகலம், 10 கனம். அவ்வளவுதான் அளவு. ஆனால் இரண்டு காந்தத்துக்கு நடுவே விரல் மாட்டினால் நசுங்கிவிடும். ஆளுக்கொரு காந்தத்தோடு இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் நிற்கக்கூடாது என்பது வகுப்பின் சட்டம். மேசையில் ஆணி, திருகு, செல்போன் எதுவும் இருக்கக்கூடாது. காந்தம் பதித்த இரண்டு தட்டுகளையும் எதிரெதிரே வைக்கும்போது கையால் பிடித்து இறக்க முடியாது. மூன்று நீளத் திருகுகளின் மேல் மேல்தட்டை உட்காரவைத்து, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி இறக்குவார்கள். அவசரக்காரர்களுக்கு அந்த வேலையைக் கொடுப்பதே இல்லை.

இதற்குள் இரும்புவேலைக் குழு வாலை வெட்டி முடித்திருக்கும். காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் இறக்கையை அந்தப் பக்கம் திருப்பிவிடுவது வாலின் முதல் வேலை. இரண்டாவது வேலைதான் முக்கியம். புயல் அடித்தால் காற்றாலை தறிகெட்டுச் சுற்றி நொறுங்கிவிடுமே, அதைத் தடுக்க வேண்டும். இறக்கைகளைக் கம்பத்துக்கு நேராக வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளிப் பொருத்துகிறார்கள். வாலின் கீலையும் சாய்வாக வைக்கிறார்கள். காற்று மிஞ்சினால் இறக்கை முழுவதும் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். பலமான காற்றில் நாம் குடையைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிப்போமே, அதுபோல. வால் மேல்நோக்கி எழும். காற்று அடங்கியதும் வால் தன் எடையாலேயே கீழே இறங்க, இறக்கை மறுபடியும் காற்றைப் பார்த்துத் திரும்பும். மோட்டார் இல்லை, கணினி இல்லை. ஒரு கீலும் புவியீர்ப்பும் போதும்.

இவ்வளவு பாடுபட்டுச் செய்தால் எவ்வளவு மின்சாரம் வரும்? நொடிக்கு 5 மீட்டர் காற்றில் சுமார் 90 வாட். பத்து எல்இடி பல்பு எரியும். காற்று இரண்டு மடங்கானால் மின்சாரமும் இரண்டு மடங்கா? இல்லை, எட்டு மடங்கு! வேகம் இரட்டித்தால் ஒரு நொடியில் வந்து மோதும் காற்றின் அளவு இரண்டு மடங்கு. அந்தக் காற்றில் ஒவ்வொரு கிலோவிலும் இருக்கும் ஆற்றல் நாலு மடங்கு. இரண்டும் நாலும் பெருக்கினால் எட்டு. நொடிக்கு 10 மீட்டர் காற்றில் 700 வாட்டுக்கு மேல் கிடைத்துவிடும். காற்றில் இருக்கும் ஆற்றல் முழுவதையும் எடுக்கவே முடியாது. எடுத்தால் காற்று இறக்கைக்குப் பின்னால் அப்படியே நின்றுவிடும். அடுத்த காற்றுக்கு வர வழி இருக்காது. அதிகபட்சம் 59 சதவீதம்தான் என்று ஜெர்மனியின் ஆல்பர்ட் பெட்ஸ் கணக்குப் போட்டுச் சொன்னார். கையால் செய்த காற்றாலை அதில் பாதியை எட்டினாலே பாராட்டலாம்.

எட்டு மடங்குக் கணக்கு தெரிந்தால், கம்பம் ஏன் உயரமாக இருக்க வேண்டும் என்பதும் புரிந்துவிடும். மரமும் வீடும் காற்றைத் தடுத்துக் குழப்பிவிடும். சுற்றிலும் 100 மீட்டருக்குள் இருக்கும் எந்தத் தடையைவிடவும் 30 அடியாவது உயரத்தில் காற்றாலை நிற்க வேண்டும் என்பார்கள். நாலு பக்கமும் இழுகம்பி கட்டி, கையால் சுற்றும் வின்ச் வைத்துக் கம்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துவார்கள். அந்த நேரத்தில் கம்பம் விழக்கூடிய இடத்தில் ஆடு மாடுகூட நிற்கக்கூடாது.

கம்பம் நிமிர்ந்து இறக்கை சுற்றியதும் எல்லாரும் கைதட்டுவார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள். பல பத்திரிகைச் செய்திகள் அதோடு முடிந்துவிடும். நிஜமான கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது என்பேன்.

நடு அமெரிக்காவில் நிகராகுவா என்று ஒரு நாடு. அதன் கரீபியக் கடற்கரையில் புளூபீல்ட்ஸ் என்ற ஊர். 2000-களின் தொடக்கத்தில் 'புளூ எனர்ஜி' என்ற குழு அங்கே உள்ளூர் இளைஞர்களையும் வெளிநாட்டிலிருந்து வந்த பொறியியல் மாணவர்களையும் சேர்த்து, பிகாட் முறையில் காற்றாலைகள் செய்தது. படகில் மட்டுமே போகக்கூடிய கிராமங்களில் அவற்றை நட்டது. செய்ததில் குறையில்லை. ஆனால் அந்தக் கடற்கரையின் உப்புக் காற்றும் ஈரமும் இரும்பைத் தின்றன. நியோடிமியக் காந்தத்தில் பெரும்பங்கு இரும்புதான். மேல்பூச்சில் ஒரு கீறல் விழுந்தாலும் உள்ளே துருப்பிடித்து உப்பிவிடும். இடியும் மின்னலும் தங்கள் பங்குக்கு வந்தன. காற்றும் எதிர்பார்த்த அளவுக்கு வீசவில்லை. ஒரு சின்னப் பாகம் கெட்டாலும் பட்டறையிலிருந்து ஆள் படகேறிப் போக வேண்டும். சில ஆண்டுகளில் அந்தக் குழு காற்றாலையை விட்டுவிட்டு, சூரிய மின்சாரத்துக்கும் குடிநீர் வேலைக்கும் மாறிக்கொண்டது. நடந்ததை மறைக்காமல், எதனால் இப்படி ஆயிற்று என்று மற்றவர்களோடு சேர்ந்து எழுதியும் வைத்தது. என்னைக் கேட்டால், அது கட்டிய காற்றாலைகளைவிட அப்படி எழுதி வைத்ததுதான் பெரிய உதவி.

இன்று இத்தகைய வகுப்புகளில் இரண்டு விஷயங்களை முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள். ஒன்று: அந்த ஊரில் போதுமான காற்று இருக்கிறதா என்று முதலில் அளந்து பார். சூரியத் தகடு இப்போது மிகவும் மலிந்துவிட்டது; அதில் சுற்றும் பாகமும் கிடையாது, தேயும் பாகமும் கிடையாது. வெயில் கொளுத்தும் ஊருக்குக் காற்றாலையைத் தூக்கிக்கொண்டு போகாதே. ஸ்கோரைக் போன்ற ஊர் வேறு. அங்கே குளிர்காலத்தில் பகல் ஏழு மணி நேரம்கூட இருக்காது. ஆனால் காற்று பின்னியெடுக்கும். அங்கே காற்றாலை வேண்டும். பல ஊர்களில் இரண்டையும் சேர்த்தே வைக்கிறார்கள்.

இரண்டாவது: நீ படித்து முடித்ததும் ஊருக்குப் போய்விடுவாய். காற்றாலை அங்கேயே நிற்கும். அதனால் அந்தக் கிராமத்திலேயே இருக்கும் ஆண்களும் பெண்களும் உன்னோடு உட்கார்ந்து சுருள் சுற்ற வேண்டும், இறக்கை செதுக்க வேண்டும். கடையில் வாங்கிய காற்றாலை பழுதானால் உதிரிப்பாகம் கப்பலேறி வரும்வரை இருட்டுதான். தன் கையால் செய்த ஒன்றைப் பிரித்து மாட்ட அந்த ஊர்க்காரருக்கு யார் தயவும் வேண்டாம். கையால் செய்வதற்கு இதுதான் காரணம்.

கடைசியாக உங்களுக்கு ஒரு வேலை. காற்றாலையைப் பழுது பார்க்கக் கம்பத்தை இறக்கும் முன்பு, மாணவர்கள் அதை நிறுத்த ஒரு தந்திரம் செய்வார்கள். கீழே வரும் மூன்று மின்கம்பிகளையும் மின்சாரத்தைச் சேமிக்கும் பாட்டரியிலிருந்து பிரித்து, ஒன்றோடொன்று சேர்த்துவிடுவார்கள். மேலே சுற்றிக்கொண்டிருந்த இறக்கை தளர்ந்து, ஊர்ந்து, கிட்டத்தட்ட நின்றுவிடும். பிரேக் கட்டை எதுவும் இல்லாமல்!

ரோபோ செய்யும் சாமான்களில் பல் சக்கரம் வைத்த மஞ்சள் நிறக் குட்டி மோட்டார் ஒன்று வரும். உங்கள் பள்ளியில் இருந்தால் ஆசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டரி வேண்டாம். இரண்டு கம்பி முனைகளும் தொடாமல் இருக்கும்போது அச்சை விரலால் சுற்றிப் பாருங்கள். பிறகு முனைகளை ஒன்றோடொன்று முறுக்கிவிட்டுச் சுற்றிப் பாருங்கள். இரண்டாவது முறை விரலுக்கு என்ன தெரிகிறது? ஏன் அப்படி? ஃபாரடே கண்டுபிடித்த விதியை நினைத்துக்கொண்டு யோசித்தால் விடை கிடைத்துவிடும். அரைப் பக்கத்துக்கு மிகாமல், படம் வரைந்து எழுதி அனுப்புங்கள். படம் கோணலாக இருந்தால் பரவாயில்லை. காரணம் நேராக இருக்க வேண்டும்.